எடைக் கணிப்பான் வைத்திருப்பவர்களே, பிள்ளைகளின் வயதையும் கொஞ்சம் பாருங்கள்

செயலியிலும் இணையத்திலும் 'உங்கள் எடை சரியா?' என்று கேட்டு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கணிப்பான் வைத்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். உங்கள் கணிப்பானில் தட்டிப் பார்த்துவிட்டு 'சார், நான் அண்டர்வெயிட்டாம்' என்று முகம் வாடி வருகிற பிள்ளைகள் உண்டு. 'அதிக எடை' என்று வந்ததும் என்னிடம் வராமல், தானாகவே மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறீர்கள், சரி, அதில் தப்பில்லை. வந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் கோளாறு. 18.5க்குக் கீழே போனால் மெலிவு, 25ஐத் தொட்டால் அதிக எடை என்பது வளர்ந்து முடித்தவர்களுக்கான கோடு. வளர்கிற பிள்ளைக்கு அந்தக் கோடு வயதோடு நகர்ந்துகொண்டே இருக்கும், பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று.

13 வயதுப் பெண், உயரம் 150 செ.மீ., எடை 39 கிலோ என்று வையுங்கள். விடை 17.3. உடனே உங்கள் கணிப்பான் சிவப்பில் 'எடை குறைவு' என்கிறது, அதற்குக் கீழேயே எடை கூட்டும் பவுடர் விளம்பரம் வேறு! உலக சுகாதார நிறுவனம் 2007இல் 5 முதல் 19 வயது வரைக்கும் வெளியிட்ட அட்டவணைப்படி அந்த வயதுப் பெண்ணுக்கு மெலிவுக் கோடு கிட்டத்தட்ட 15இல்தான் இருக்கிறது. அவளுக்கு ஒன்றுமே இல்லை. அதே வயதுப் பையன், 155 செ.மீ., 53 கிலோ: விடை 22, உங்களிடம் பச்சை விளக்கு. ஆனால் அவன் வயதுக்கு 21ஐ ஒட்டியே அதிக எடைக் கோடு வந்துவிடுகிறது. பயப்பட வேண்டாதவளைப் பயமுறுத்திவிட்டு, கவனிக்க வேண்டியவனுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

இதில் வேடிக்கை, உங்களில் சிலர் வயதைக் கேட்கவும் செய்கிறீர்கள். 13 என்று போட்டேன், அப்புறம் 43 என்று போட்டேன், இம்மி மாறாமல் அதே விடை. பிறகு எதற்கு அந்தக் கட்டம்?

'உங்கள் சரியான எடை இத்தனை கிலோ' என்று ஒற்றை எண் சொல்கிறவர்கள் இன்னும் மோசம். பலர் அதற்கு எடுத்தாளும் டெவைன் சூத்திரம் 1974இல் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் அளவைக் கணக்கிட வந்தது, அதுவும் ஐந்தடிக்கு மேல் உயரமுள்ள பெரியவர்களுக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை?

சரியான அட்டவணையை வைத்தாலும் அது முதல்கட்டச் சல்லடைதான். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14ஐ ஒட்டியும் மளமளவென்று உயருவார்கள், ஒருவருக்கு முன்னே, ஒருவருக்குப் பின்னே. எங்கள் கபடிப் பையன்களின் தொடைச் சதையைக் கொழுப்பிலிருந்து பிரித்துப் பார்க்க பி.எம்.ஐ.க்குத் தெரியாது. மருத்துவர்கள் ஒருநாள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, பல மாதங்களாக வளர்ச்சிக் கோடு எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்கள்.

இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 5 முதல் 18 வயது வரைக்கும் 2015இலேயே நம் பிள்ளைகளுக்கென்று வளர்ச்சி அட்டவணை வெளியிட்டிருக்கிறது. வயதை மாதக் கணக்கோடு வாங்கி, ஆணா பெண்ணா என்று கேட்டு, அதை வைத்து விடை சொல்லுங்கள். அந்த வேலை முடியாதென்றால் 18 வயதுக்குக் கீழே யார் போட்டாலும் 'இது பெரியவர்களுக்கு மட்டும், மருத்துவரைக் கேளுங்கள்' என்று நிறுத்திவிடுங்கள். பவுடர் விளம்பரத்தை மட்டுமாவது இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.