ஒரே சட்டியில் பீஃப் ஃப்ரைட் ரைஸ்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பெங்களூரு போய் ஒரு மாதம் ஆகிறது. தனியாக என்னதான் சாப்பிடுகிறாய் என்று நீ கேட்டிருந்ததால், இந்தக் கடிதம் முழுவதும் சோற்றுப் புராணமாகவே இருக்கப்போகிறது, பொறுத்துக்கொள்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த நாட்களில், சம்பளம் வந்த அன்று தெருமுனைத் தள்ளுவண்டியில் பீஃப் ஃப்ரைட் ரைஸ் வாங்கி, ஒரு பொட்டலத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்வோமே, அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. அதையே வீட்டில், அதுவும் ஒரே ஓர் இரும்புச் சட்டியில் செய்து பார்ப்பது என்று இறங்கினேன். ஒரே சட்டி என்பதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பாத்திரம் தேய்க்க எனக்கு அலுப்பு, அவ்வளவுதான்.

முதல் முயற்சி பாழாயிற்று. அரை கிலோ கறியை மொத்தமாகச் சட்டியில் கொட்டினேன். சிவந்து வறுபட வேண்டிய கறி, இரண்டே நிமிடத்தில் சாம்பல் நிறத் தண்ணீரில் மிதந்து கொதிக்கத் தொடங்கியது. அதன் தலையிலேயே அப்போதுதான் வடித்த சோற்றையும் போட்டுக் கிளறியதில், கடைசியில் தட்டுக்கு வந்தது சோயா சாஸ் மணக்கும் கிச்சடி. வீணாக்க மனமில்லாமல் இரண்டு வேளையும் அதையே சாப்பிட்டேன்.

யோசித்துப் பார்த்தபோது, குறை கைப்பக்குவத்தில் இருந்ததைவிட அடுப்பில்தான் அதிகம் என்று புரிந்தது. தள்ளுவண்டிக்காரரின் அடுப்பு இரைந்துகொண்டே சட்டியின் விளிம்புவரை தீயை எழுப்பும். கறி விடும் நீரை உடனுக்குடன் ஆவியாக்கிவிடும். நம் வீட்டு காஸ் அடுப்பிலோ நீர் தேங்கிவிடுகிறது. நீர் தேங்கி நிற்கும்வரை கறியின் மேல் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பழுப்பேறி மணக்கவோ ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் தரும் வினையை 1912ஆம் ஆண்டில் விவரித்தவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயராலேயே அதை இன்றும் அழைக்கிறார்கள். தீயைப் பெரிதாக்க வழியில்லாத நாம், சட்டியில் விழும் அளவைத்தான் சிறிதாக்க வேண்டும்.

ஆகவே இப்போது ஒரு ஆளுக்கு 150 கிராம் கறி, அரை டம்ளர் அரிசியில் வடித்த சோறு, ஒரு முட்டை, கொஞ்சம் காய், ஒரு தடவைக்கு அதற்கு மேல் சட்டியில் போடுவதில்லை. சாதாரணக் கறியென்றால் குக்கரில் ஐந்தாறு விசிலாவது விட வேண்டும். குக்கரை எடுத்தால் ஒரே சட்டி என்ற பேச்சே அடிபட்டுப்போகும். அதனால் கடைக்காரரிடம் அண்டர்கட் என்று கேட்டு வாங்குகிறேன். முதுகெலும்பை ஒட்டி உட்பக்கமாக ஓடும், மாட்டுக்கு அதிகம் உழைப்பில்லாத தசை அது. அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, சற்று விறைத்ததும், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக நறுக்க வேண்டும். நாரோடு நீளவாக்கில் நறுக்கினால் தாடைதான் வலிக்கும். இரண்டு சிட்டிகை ஆப்பசோடாவைத் தடவிக் கால் மணி நேரம் வைத்து, நன்றாக அலசி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடு. சோடா கூடினாலோ அலசுவதில் சோம்பல்பட்டாலோ சோப்பு வாடை அடிக்கும். பிறகு கொஞ்சம் சோயா சாஸ், மிளகுத்தூள், அரை டீஸ்பூன் சோளமாவு.

சோறு முதல்நாள் இரவே வடித்ததாக இருக்க வேண்டும். ஆறும்போது மாவுச்சத்து இறுகுவதால் பருக்கை பருக்கையாக உதிரும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தட்டில் பரப்பி ஆறவைத்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. வெந்த சோற்றிலும் பிழைத்திருக்கும் ஒருவகைக் கிருமி வெளிச்சூட்டில் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுநாள் எவ்வளவு வறுத்தாலும் போகாது.

இனி அடுப்புக்கு வருகிறேன். சட்டி புகைய ஆரம்பித்த பிறகு எண்ணெய், பிறகு பாதிக் கறி. ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரப்பி, ஒரு நிமிடம் கரண்டியைக் கீழே வைத்துவிடு. கை துறுதுறுக்கும், தொடாதே. அடிப்பக்கம் சிவந்ததும் புரட்டி, சாப்பிடப்போகும் தட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு மீதியைப் போடு. அடுத்து முட்டை, அரைவேக்காட்டில் அதுவும் தட்டுக்குப் போய்விடும். கடைசியாகப் பூண்டு, பச்சைமிளகாய், பொடியாக நறுக்கிய கேரட், கோஸ், பிறகு சோறு.

கறி விட்டுப்போன பழுப்புப் பற்று சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அல்லவா, சோற்றின் ஈரம் பட்டதும் அது மெல்ல இளகி ஒவ்வொரு பருக்கையிலும் ஏறிவிடுகிறது. சோம்பலுக்காக எடுத்த ஒரே சட்டி, ருசிக்கும்கூட வழிசெய்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தனிச் சட்டியில் கறியை வறுத்திருந்தால் இதைத்தான் தேய்த்துக் கழுவிக் கொட்டியிருப்பேன். கட்டிகளைக் கரண்டியின் முதுகால் அழுத்தி உடைத்துக்கொண்டே இரு. முதலில் சொதசொதவென்று இருக்கும் சத்தம் மாறி, பருக்கைகள் படபடவென்று துள்ளத் தொடங்கும்போது சோயா சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்று. கறியும் முட்டையும் திரும்பச் சேர்ந்து சூடேறியதும் வெங்காயத்தாளைத் தூவி இறக்கிவிடலாம். அஜினோமோட்டோ வேண்டுமென்று நீ பிடிவாதம் பிடிப்பாய். ஒரு சிட்டிகை போட எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த மாதம் சென்னை வருவதாக எழுதியிருக்கிறாய். இருவருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் செய்யச் சொல்லாதே. தனித்தனியாக இரண்டு முறைதான் வறுப்பேன். முதல் தட்டு உனக்கு. எனக்காகக் காத்திருக்காமல் சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
தாஸ்