பீக்வாட் மக்களைப் பற்றிய பிழையான பதிவு: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சிறுவர் கலைக்களஞ்சியம், வட அமெரிக்கத் தொகுதியில் உள்ள பிழைகளைத் திருத்தக் கோருதல்

ஐயா,

தங்கள் நிறுவனம் வெளியிட்ட சிறுவர் கலைக்களஞ்சியத்தை முன்பதிவுத் திட்டத்தில் முழுத் தொகையும் செலுத்தி என் மகளுக்காக வாங்கினேன். தாளும் அச்சும் கட்டமைப்பும் விலைக்கு ஏற்ற தரத்தில் இருக்கின்றன. ஆனால் வட அமெரிக்கத் தொகுதியில், பழங்குடியினரான பீக்வாட் மக்களைப் பற்றிய பதிவு, அவர்கள் ஹட்சன் ஆற்றுப் பகுதியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் என்றும், அவர்களின் பெயருக்கு ‘அழிப்பவர்கள்’ என்று பொருள் என்றும், 1637-ல் பூண்டோடு அழிந்துபோனார்கள் என்றும் கூறுகிறது.

பெயரையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘அழிப்பவர்கள்’ என்ற விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது உண்மைதான். ஆனால் அது ஒன்றே முடிந்த முடிபு அல்ல. ‘ஆழமற்ற நீர்ப்பகுதியில் வாழ்வோர்’ என்பதே பொருளாக இருக்கலாம் என்று மானிடவியலாளர் ஃபிராங்க் ஸ்பெக் கருதினார். இன்றைய அமெரிக்க மாநிலமான கனெக்டிகட்டின் தென்கிழக்குக் கரையில், மிஸ்டிக் ஆற்றின் ஓரத்திலும் இன்று தேம்ஸ் எனப்படும் ஆற்றின் ஓரத்திலும் வாழ்ந்த மக்களுக்கு அது பொருந்தாத விளக்கம் அல்ல. இரண்டையும் தராமல், பழிச்சொல் போல ஒலிக்கும் ஒன்றை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுப்பது நியாயமாகாது.

படையெடுப்புக் கதை, ஆங்கிலேயருக்கும் பீக்வாட் மக்களுக்கும் நடந்த போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1677-ல் வில்லியம் ஹப்பர்டு என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதியது. பீக்வாட் மக்களின் நெருங்கிய உறவினரான மொஹீகன் மக்களை, ஹட்சன் பள்ளத்தாக்கின் மஹிக்கன் மக்களோடு பெயர் ஒற்றுமையால் பிற்காலத்தவர் குழப்பிக்கொண்டதும் அந்தக் கதைக்கு வலுச் சேர்த்தது. இம்மக்கள் அந்த மண்ணுக்கே உரியவர்கள் என்பதைத்தான் தொல்லியலும் மொழி ஆய்வும் காட்டுகின்றன.

மூன்றாவது பிழைதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1637 மே மாதத்தில் ஜான் மேசன் தலைமையிலான ஆங்கிலேயரும் அவர்களோடு சேர்ந்த பழங்குடிப் படையினரும், மிஸ்டிக்கில் மரவேலி சூழ்ந்த பீக்வாட் கிராமத்தை விடியற்காலையில் சுற்றி வளைத்துக் குடில்களுக்குத் தீ வைத்தனர். தப்பி வெளியே ஓடிவந்தவர்களையும் கொன்றனர். இறந்த 400-க்கும் மேற்பட்டோரில் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே மிகுதி. மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்டு உடன்படிக்கை, எஞ்சியவர்களை அண்டைப் பழங்குடிகளான மொஹீகன், நாரகன்செட் மக்களிடையே பங்கிட்டுக் கொடுத்ததோடு, அவர்கள் இனிமேல் பீக்வாட் என்று அழைக்கப்படக் கூடாது என்றும் விதித்தது. பீக்வாட் ஆற்றுக்குத் தேம்ஸ் என்றும், அதன் கரையில் எழுந்த ஊருக்கு நியூ லண்டன் என்றும் பெயர் மாற்றினார்கள். பெயரை ஒழித்தால் மக்களே ஒழிந்துவிடுவார்கள் என்று எண்ணியவர்களின் தீர்ப்பை, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழித்துத் தங்கள் நூல் வரலாறு என்று அச்சிட்டிருக்கிறது.

அவர்கள் அழியவில்லை. பீக்வாட் வழிவந்த வில்லியம் ஏப்பெஸ் 1829-லேயே தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். மஷான்டக்கெட் பீக்வாட் சமூகத்தை அமெரிக்கக் கூட்டரசு 1983-ல் சட்டத்தின் மூலம் அங்கீகரித்தது. 1998-ல் அவர்கள் தங்கள் மண்ணிலேயே பெரிய அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். கிழக்குப் பீக்வாட் மக்களும் நார்த் ஸ்டோனிங்டனில் தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தைக் காத்து வருகிறார்கள்.

இவற்றையெல்லாம் விளக்கி நான் முன்னரே மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தழுவிய பதிவு என்றும், அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகவும் தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஏற்கெனவே விற்ற படிகள் பள்ளி நூலகங்களிலும் வீடுகளிலும் இருக்கும்போது, அடுத்த பதிப்பு வரை காத்திருக்கச் சொல்வதை நான் ஏற்க இயலாது.

எனவே, திருத்தப்பட்ட பதிவை ஒட்டுத்தாளாக அச்சிட்டு இத்தொகுதியை வாங்கிய அனைவருக்கும் கட்டணமின்றி அனுப்புமாறும், கையிருப்பில் உள்ள படிகளைத் திருத்தம் சேர்க்காமல் விற்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இது இயலாதெனில், தொகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதற்குரிய தொகையை எனக்கு அளிக்க வேண்டும். தங்கள் முடிவை எழுத்து வடிவில் தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்