அந்த ஷூ டப்பா கெடச்சுருச்சு

மாப்ள முத்து,

எட்டு மாசமா ஒரு வரி எழுதல, தப்பு என்னோடதுதான், திட்டுறதெல்லாம் திட்டி முடிச்சுட்டு மேல படி. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதாமே, சந்தோஷம்.

விஷயம் என்னன்னா பெரியவ அடுத்த மாசம் எஸ்ஏடி எழுதுறா, அதான் அமெரிக்க காலேஜ்ல சேர எழுதுற பரீட்சை. ஒடனே நான் கராஜ்ல கெடந்த ஷூ டப்பாவ எடுத்தேன். நம்ம இங்கிலீஷ் வார்த்தை கார்டுதான்டா! 99-ல திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்ட மாடில, அமெரிக்காவுல மேல்படிப்புக்கான ஜிஆர்இ பரீட்சைக்கு உக்காந்து எழுதுனோமே, அதேதான். "கேருலஸ்" (வாயாடி) கார்டு பின்னாடி அர்த்தம் எழுதாம நீ மேன்ஷன் மேனேஜர் பேர எழுதி வெச்சிருக்க, பாவி.

அவகிட்ட குடுத்தா நாலு கார்ட பொரட்டிட்டு "அப்பா, இதெல்லாம் இப்ப கேக்குறதே இல்ல"ங்கிறா. எஸ்ஏடில எதிர்ச்சொல் கேள்வி 1994லயே போயிருச்சாம், அனாலஜி, அதான் வார்த்தை ஜோடிக்கு ஒத்த ஜோடி கண்டுபிடிக்கிறது, 2005ல, 2016ல அந்த கடாமுடா வார்த்தைங்களுக்கும் டாட்டா. நம்ம ஜிஆர்இலயே மொத ரெண்டும் 2011ல காலி! இப்ப சின்னதா ஒரு பாரா, அதுல ஒரு கோடிட்ட இடம், நாலு வார்த்தை, அவ்ளோதான்.

இது ஒரு மேட்டரான்னு பத்து கேள்வி போட்டுப் பாத்தேன். ஆறுதான் சரி. தெரியாத வார்த்தை ஒண்ணு கூட இல்லடா, அதான் வயித்தெரிச்சல், பெரிய வார்த்தையா பாத்து டிக் அடிச்சிருக்கேன். அவ ஆப்ஷன கையால மறச்சுட்டு, பாராவ படிச்சு, அங்க என்ன வரணும்னு சொந்தமா ஒரு வார்த்தை யோசிச்சுட்டுதான் கைய எடுக்குறா. "குவாலிஃபை"ன்னா தகுதி பெறுறதுன்னேன். "இங்க அது இல்லப்பா, சொன்னதோட ஒரு 'ஆனா' சேக்குறது"ங்கிறா. அப்பதான் ஒறச்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி மேனேஜர் "குவாலிஃபைட் சப்போர்ட்"னு மெயில் போட்டப்ப முழு ஆதரவுன்னு நெனச்சு டீமுக்கே ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன், மூணு வாரத்துல ப்ராஜெக்ட் ஊத்திக்கிச்சு.

ஆனா ஒரு கவலை இருக்குடா. பரீட்சைல பாரா எல்லாம் 150 வார்த்தைக்குள்ளதான், இவளும் அதுக்கு மேல படிக்க மாட்டேங்குறா. நாலு பக்கக் கட்டுரை குடுத்தா ரெண்டாவது பக்கத்துல கை போனுக்குப் போகுது. வார்த்தை இருக்கு, மூச்சு பத்தல. நீயாவது கன்னிமாரால நாள் பூரா உக்காந்து படிச்ச, நான் மூர் மார்க்கெட் பக்கம் சுத்திட்டிருந்தேன், நான் என்னத்த சொல்ல முடியும்? ஒம்பையன் இன்னமும் தடித்தடியா கத படிக்கிறானா? எப்பிடி பழக்குனன்னு வெவரமா எழுது. போன தடவ மாதிரி "லக்கானிக்"கா மூணு வரி போட்டன்னா அந்தக் கார்ட ஒனக்கு கூரியர்ல அனுப்பிருவேன்.

ஒன்,
செல்வம்