மூழ்கியது சரக்கு மட்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சான் ஹோசே என்ற பழைய ஸ்பானியக் கருவூலக் கப்பலைப் பற்றி இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கம் முந்நூறு ஆண்டுகளாக யாருக்கும் பயனில்லாமல் கடலடியில் கிடக்கிறது." படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

அந்தக் கப்பல் 1708 ஜூன் 8 அன்று கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்துக்கு அருகே, ஆங்கிலேயக் கப்பல்களோடு நடந்த சண்டையில் மூழ்கியது. கப்பலில் ஏறக்குறைய 600 பேர் இருந்தார்கள். இருபது பேர்கூடப் பிழைக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பீரங்கி எத்தனை, யார் யார் பங்கு கேட்கிறார்கள், அமெரிக்கக் கம்பெனி 1,000 கோடி டாலர் கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது என்று எல்லாமே அந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது. செத்த மனிதர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

நான் 29 வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். எங்கள் ஊர் தூத்துக்குடி. என் அண்ணன் தோணியில் போனவர். 1979இல் வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட தோணி வாடைக்காற்றில் காணாமல் போனது. தோணித் தலைவரான தண்டலோடு சேர்த்து ஒன்பது பேர். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கோவிலில் பூசை வைத்தோம், அடக்கம் செய்ய உடல் இல்லை. அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் சரக்குக்காரர். வாசலில் நின்றபடியே, மூட்டை எத்தனை ஏற்றினார்கள் என்று அண்ணன் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று அம்மாவிடம் கேட்டார். அவருக்கும் கடன் இருந்திருக்கும், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டதை 12 வயதில் பார்த்தேன். உங்கள் வரியைப் படித்தபோது அந்த வாசல்தான் கண்முன் வந்தது.

அப்புறம் அந்தப் படம். 'சான் ஹோசேயின் காசுகள்' என்று போட்டு ஒரு குவியல் வெள்ளிக் காசைக் காட்டியிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வட்டமான காசு, அதில் நான்காம் கார்லோஸ் மன்னரின் முகம். அவர் பட்டத்துக்கு வந்ததே 1788இல். சான் ஹோசே மூழ்கிய காலத்தில் ஸ்பெயினை ஆண்டவர் ஐந்தாம் ஃபெலிப்பே. சான் ஹோசேயில் உள்ளவை உலோகத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சுத்தியலால் அடித்து முத்திரை குத்திய காசுகள். ஓரம் கோணல்மாணலாக இருக்கும், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஆழத்தில் இறக்கிய கேமரா எடுத்த படங்களில் ஒரு பக்கம் சிலுவையும் மறுபக்கம் அலைகளுக்கு மேல் நிற்கும் இரண்டு தூண்களும் தெரிகின்றன. 1707 என்ற வருடமும் லிமா அச்சுச்சாலையின் குறியும்கூட வாசிக்க முடிகிறது.

நீங்கள் போட்டது வேறு கப்பலின் காசாகத்தான் இருக்க வேண்டும். என் கணிப்பு, அது மெர்செதெஸ் என்ற இன்னொரு ஸ்பானியப் போர்க்கப்பல். அந்தக் காசுகளை ஸ்பெயினில் இருக்கும் இன்னொரு கார்த்தஹேனாவில், கடலடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் கப்பல் பக்கத்தில் கட்டியிருந்தபோது அரை நாள் விடுப்பு கேட்டுப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் சில காசுகள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப் போய், பை மக்கிய பிறகும் பையின் வடிவத்திலேயே இருந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

மெர்செதெஸ் என்றதும் இன்னொரு பழைய வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்பல் 1804 அக்டோபர் 5 அன்று போர்ச்சுகலுக்குத் தெற்கே வெடித்துச் சிதறியது. சுமார் 250 பேர் இறந்தார்கள். தியேகோ தே அல்வேயர் என்ற அதிகாரி மூத்த மகனோடு வேறு கப்பலுக்கு மாறியிருந்தார். அவருடைய மனைவியும் ஏழு பிள்ளைகளும் மெர்செதெஸோடு மூழ்கிப் போனார்கள். 2007இல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த, மூழ்கிய கப்பல்களைத் தேடும் ஒடிசி கம்பெனி அங்கிருந்து ஏறக்குறைய 6 லட்சம் காசுகளை எடுத்து விமானத்தில் கொண்டுபோனது. போர்க்கப்பல் எத்தனை காலம் ஆனாலும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று அமெரிக்க நீதிமன்றமே சொல்லி, 2012இல் 17 டன் காசும் ராணுவ விமானங்களில் ஸ்பெயினுக்குத் திரும்பியது. அன்றைக்கு நீங்கள் வைத்த தலைப்பு: 'கஷ்டப்பட்டு எடுத்தவனுக்கு நாமம்.' அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன், வெளியாகவில்லை.

எடுப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அட்டோச்சா என்ற இன்னொரு ஸ்பானியப் புதையல் கப்பலைத் தேடிய அமெரிக்கர் மெல் ஃபிஷர் மகனையும் மருமகளையும் கடலுக்குக் கொடுத்தார். 1975 ஜூலை 20இல் அவர்கள் போன படகு கவிழ்ந்தது. சரியாகப் பத்து வருடம் கழித்து அதே ஜூலை 20இல் கப்பலின் முக்கியச் சரக்கு கிடைத்தது. அந்த மனிதரின் துக்கத்துக்கு முன்னால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் வேலை செய்த முறையைச் சொல்ல வேண்டும். படகின் புரொப்பெல்லருக்குப் பின்னால் வளைந்த பெரிய குழாயை மாட்டி, எஞ்சினை ஓட்டி, தண்ணீரைக் கீழ்நோக்கிப் பீய்ச்சி மணலைக் கிளப்புவார்கள். எஞ்சின்காரனான எனக்கு அதன் வேகம் தெரியும். துறைமுகத்தில் கட்டிய கப்பலில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிட்டாலே பின்பக்கத் தண்ணீர் சேறாகிவிடும். அந்த வேகத்தில் மணல் பறக்கும்போது தங்கம் கனத்தால் நின்றுவிடும். மரச்சீப்பும் செருப்பும் எலும்பும் நிற்குமா?

சான் ஹோசே சுமார் 600 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் இதுவரை தப்பித்தது. 2015இல் கண்டுபிடித்த பிறகும் கொலம்பியா அவசரப்படவில்லை. 2025 நவம்பரில் ஒரு பீரங்கி, ஒரு பீங்கான் கிண்ணம், மூன்று காசு, அவ்வளவுதான் வெளியே எடுத்ததாக அறிவித்தார்கள். அதை உங்கள் கட்டுரை 'மந்தம்' என்கிறது. அப்படித்தான் எடுக்க வேண்டும் ஐயா. பொலிவியாவின் கரா கரா மக்கள் தங்கள் முன்னோர் பொத்தோசி மலையில் கட்டாய வேலையில் வெட்டிய வெள்ளி அது என்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் கொடுத்த இடம் பட்டியலில் கடைசிப் பெயர். என் கண்ணுக்கு அவர்கள்தான் முதலில் வர வேண்டியவர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அந்தப் படம் சான் ஹோசேயின் காசு அல்ல என்று ஒரு திருத்தம் போடுங்கள். அதன் கீழேயே, அந்தக் கப்பலில் ஏறக்குறைய 600 பேர் இறந்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டி வந்தால் என் அண்ணனைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. அந்த 600 என்ற எண்ணை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்,
தூத்துக்குடி.