ஆண்டறிக்கை: ஊசி ஈயும் அதன் சாயலில் வருபவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் பட்டுப்புழு வளர்ப்போரே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இவ்வாண்டு ஒரே வேலைக்குப் போனது. வளர்ப்பு மனைகளில் உறுப்பினர்கள் எடுத்தனுப்பிய படங்களைப் பார்த்து, இருப்பது என்ன ஈ என்று சொல்வதே அந்த வேலை.

1980இல் மேற்கு வங்கத்து விதைக்கூடுகளோடு (முட்டை உற்பத்திக்கான பட்டுக்கூடுகளோடு) கர்நாடகத்தில் நுழைந்த ஊசி ஈ, அதை ஒட்டிய நம் ஆந்திர எல்லைப்புறத்தையும் விட்டுவைக்கவில்லை. பட்டுப்புழுவின் தோல்மீது வெண்ணிற முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது. அதிலிருந்து வெளிவரும் குட்டிப்புழு துளைத்து உள்ளே போன இடம் கருந்தழும்பாக நிற்கும். பின்னர் அது கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுந்து, கூடு நூற்புக்கு உதவாமல் போகும். ஆகவே சாம்பல் நிற ஈ ஒன்று மனைக்குள் தெரிந்தால் வயிறு கலங்குவது இயல்பே.

ஆனால் சாம்பல் நிற ஈ எல்லாம் ஊசி ஈ அல்ல. அதிகம் குழப்புவது சதை ஈ. அதன் முதுகில் மூன்று கருங்கோடுகள் இருக்கும், வயிறு சதுரங்கக் கட்டம்போல் மின்னும். ஊசி ஈயின் முதுகில் நான்கு கோடுகள். மேலிருந்து எடுத்த படத்தில் வெளிச்சம் சற்றுப் பிசகினாலும் கோடுகள் கலங்கிவிடும். சாந்திபுரத்து உறுப்பினர் ஒருவர் நைலான் வலையில் அமர்ந்த ஈயைப் பக்கவாட்டில் எடுத்திருந்தார். முதுகின் பின்முனைக்குக் கீழே சிறு மேடு ஒன்று பிதுங்கி நின்றது தெளிவாகத் தெரிந்தது. ஊசி ஈ சேர்ந்த டக்கினிட் குடும்பத்தின் அடையாளம் அதுதான். அந்த ஒரு படம் மேலிருந்து எடுத்த பல படங்களைவிட உதவியது.

இன்னொருவர் கூடுகளுக்கு அருகே மொய்த்த குட்டி ஈக்களைப் பார்த்துக் கலங்கிப் படம் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜோடி இறக்கைகள். ஈக்கு ஒரு ஜோடிதான். அவை ஊசி ஈயின் கூட்டுப்புழுவை அழிக்க நாம் விட்ட நெசோலின்க்ஸ் தைமஸ் குளவிகள். மருந்தடித்திருந்தால் நம் துணையை நாமே கொன்றிருப்போம். கூன் முதுகோடு விறுவிறுவென்று ஓடுபவை ஃபோரிட் ஈக்கள். செத்தழுகும் புழுக்களிலும் அவை பெருகும், எனவே குப்பையை அகற்றுவதே முதல் வேலை.

ஒன்றை வலியுறுத்துகிறேன். டக்கினிட் ஈக்களைப் படத்தால் பெரும்பாலும் குடும்பம் வரைதான் சொல்ல முடியும், சிற்றினத்தைச் சொல்ல முடியாது. ஒரே மாதிரி தோன்றுபவை ஏராளம். சிலவற்றை ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்தே பிரித்தறிகிறார்கள். ஆகவே தெரிந்த மட்டத்தோடு நிறுத்தி எழுதுவதைச் சங்கம் வழக்கமாக்கியிருக்கிறது. ஈ வெளிவந்த புழுவின் படமும், அந்தப் புழு தின்ற செடியின் பெயரும் சேர்ந்து வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தக்காளியில் காய்த்துளைப்பான் புழுவை அழிக்கும் டக்கினிட் ஈக்களும் உண்டு. அவை விவசாயிக்கு வேண்டியவை.

மழைக்காலத்தில்தான் ஊசி ஈயின் தொல்லை கூடும். எனவே அதற்கு முன்பே கதவு, சன்னல் வலைகளைச் சரிபார்க்கவும், துளையிட்ட மூடியுள்ள புட்டியில் புழுவை வைத்து ஈ வெளிவரும்வரை வளர்க்கும் பயிற்சியை நடத்தவும் நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. படம் அனுப்பிய அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்