அப்பாவுக்கு, பீடோங்கிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அம்மா, பாப்பா எல்லோரும் நலமா? போனில் பேசினால் அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. உங்களிடம் சொல்ல வேறு கதை இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பீடோங், மலேசியாவில் கெடா மாநிலத்துச் சின்ன டவுன். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டமாம். இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த சனம் பாதி சுங்கைப்பட்டாணிப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டது. ஆனாலும் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்றால் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். கடையில் எனக்கு ரொட்டி சானாய், நம் பரோட்டா மாதிரி, போடுகிற வேலை. திங்கட்கிழமை லீவு.

அந்த லீவில்தான் காயாக் அண்ணனோடு ஆற்றுக்குப் போகிறேன். காயாக் என்றால் ஒல்லியான துடுப்புப் படகு; கடைவீதியில் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். “எஞ்சின் வாங்க வக்கில்லாதவன்தான் துடுப்புப் போடுவான்” என்பீர்களே, இவர் காசு கொடுத்துப் படகு வாங்கித் துடுப்புப் போடுகிற மனிதர்! அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா, அம்மா இருவருக்கும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற வேலை. பரம்பரையில் ஒருத்தருக்கும் கடல் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது பிடித்த கிறுக்கு இது. வளர்ந்ததும் லங்காவித் தீவுக்கு ஓடி, ஹோட்டல் கரையில் படகு கழுவி, அப்படியே கைடு ஆகிவிட்டார். கிலிம் அலையாத்திக் காட்டுக்குள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போவதே பல வருஷப் பிழைப்பு. இப்போது ஊரோடு வந்து, செமிலிங் படகுத்துறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். “கிடைக்கிறதுக்கா செய்றேன் லா?” என்றார்.

காயாக் நம் வத்தைப் படகு போல இல்லை. பதினாறு, பதினேழு அடி நீளம், அகலம் இரண்டடிக்குள். காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரு துணியை மாட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் இழுத்துப் பொருத்த வேண்டும். அலை மேலே அடித்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காது. துணியின் முன்பக்கம் ஒரு வார் இருக்கும். படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே வரவேண்டும். அது உள்ளே மடங்கிக்கொள்ளாமல் வெளியே கிடக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் வந்து கையால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீரில் இறக்குவார்.

நான் நீங்கள் பழக்கினபடி தோளால் வலித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கை சும்மா பிடிச்சுக்கத்தான் தம்பி, இடுப்பைத் திருப்பு, காலை உந்து” என்றார். பாதத்துக்குப் பக்கத்தில் துடுப்பை இறக்கி, இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுப்பதெல்லாம் வீண். அப்படிப் போட்டால் தோள் நோவதே இல்லை. தைலம் தேய்க்கிற அம்மாவுக்கு இது முப்பது வருஷம் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே கடல் மலாக்கா நீரிணை. நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்; அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் ஆளுயரம் ஏறி இறங்குகிறது. வற்றத்தோடு மெர்போக் ஆற்றில் தஞ்சோங் டாவாய் முகத்துவாரத்துக்கு இறங்கி, ஏற்றத்தோடு திரும்ப வேண்டும். நேரம் தப்பினால் சேற்றில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். வடக்கே ஜெராய் மலை, 1,217 மீட்டர். கடலில் போகிற நம் ஆட்களுக்குக் கோயில் கோபுரம் போல அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு இதுதான் கரை அடையாளம். இதுதான் கடாரம் அப்பா, ராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்த கடாரம்! பக்கத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளங்களைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் அண்ணன், “அவன் ஏற்றத்துல வந்தானா, வற்றத்துல வந்தானா? அதைச் சொல்லு” என்கிறார்.

அவர் அஞ்சுவது ‘சுமத்ரா’ ஒன்றுக்குத்தான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்கு முன்னால், மேற்கேயிருந்து திடீரென்று வரும் புயல்மழை. மேற்கே கறுத்திருந்தால் வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அவர் ஓயாமல் சொல்லும் இன்னொரு கதை ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியருடையது. 1932-ல் மடக்குப் படகோடு கிளம்பி, இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா என்று கரையோரமாகவே வந்து, 1939-ல் ஆஸ்திரேலியா சேர்ந்தார். அதற்குள் போர் தொடங்கிவிட்டது. எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். ‘ஒரு வெள்ளைக்காரன் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான்’ என்று தாத்தா யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்புறம், அண்ணனுக்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. பாம்பன் பாலத்தடியில் நீவாடு, அதுதான் நீரோட்டம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் வடக்கே ஓடும், வாடையில் தெற்கே திரும்பும் என்று சொன்னேன். எந்த மாசம் திரும்பும், திரும்பப்போகிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்கிறார். எஞ்சின் காலத்துப் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நீங்கள் பேசி, பாப்பாவை விட்டுப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

பணம் போட்டுவிட்டேன். வலைக்கடைப் பாக்கியை முதலில் முடித்துவிடுங்கள். நான் ஆற்றுக்குப் போவது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்