மஞ்சள் காருக்கு எந்தப் பூச்சு?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் புதுக் காரின் படமும் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். ஆடி பிறந்துவிட்டால் இங்கே டர்பன் பக்கம் டோங்காட்டில் ஞாயிற்றுக்கிழமை நம் கையில் இருக்காது. ஏதாவது ஒரு மாரியம்மன் கோயிலில் கஞ்சி ஊற்றுவார்கள், குடும்பத்தோடு போய்விடுவோம். மாமனாருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சின்னவளுக்குத் தமிழ் வகுப்பில் ழகரம் வந்துவிட்டது. வீடு முழுக்க மழை, வாழைப்பழம், கிழவன் என்று ஒரே சத்தம். தங்கச்சிக்கு உடம்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, கார் விஷயம். பெயிண்டைக் காக்க மேலே பூசுவதற்கு மெழுகு வகையான வாக்ஸா, பாலிமர் வகையான சீலன்டா என்று கேட்டிருந்தாய். உன் காருக்கு சீலன்ட் போடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் அதற்கு என் மஞ்சள் வண்டியின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

மாமனாரின் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரை நீ பார்த்திருக்கிறாய். 1984இல் அந்த மாடல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறத்தில் வந்தபோது தென்னாப்பிரிக்காவே திரும்பிப் பார்த்தது என்பார் அவர். இரண்டு வருஷம் காசு சேர்த்து மஞ்சளை வாங்கினார். மூன்று வருஷத்துக்கு முன் சாவியை என் கையில் கொடுத்தபோது பானெட்டும் கூரையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. நானும் அவசரப்பட்டு ஒரு கடையில் பாலிஷ் போட விட்டேன். மெஷினை அழுத்திப் பிடித்து, பானெட்டின் விளிம்பில் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் ப்ரைமர் தெரியும்வரை தேய்த்துவிட்டார்கள். விளிம்பில்தான் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கே மெஷினே போகக் கூடாது. வெள்ளையாக ஒரு விரல் நீளம். மாமனார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதற்கப்புறம்தான் பூச்சு வாங்குமுன் பெயிண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று புத்தி வந்தது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, கதவின் உள்பக்கம் மறைவான இடத்தில் தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் பொடி கையில் ஒட்டின மாதிரி துணி மஞ்சளாகிவிட்டது. அப்படியென்றால் மேலே க்ளியர் கோட் என்கிற நிறமில்லாத காப்புப் பூச்சு கிடையாது, நிறமும் மினுக்கமும் ஒரே பெயிண்ட்தான், ஒவ்வொரு தேய்ப்பிலும் நிறமே போகிறது. உன்னுடையது புது வண்டி, துணி சுத்தமாகவே இருக்கும். அதனால் நீ பயப்பட வேண்டிய அளவு குறைவு.

பாலிஷையும் வாக்ஸையும் ஒன்றென்று நினைத்துவிடாதே. பாலிஷ் சுரண்டி எடுக்கும், வாக்ஸும் சீலன்டும் மேலே படியும். நல்ல வாக்ஸில் இருப்பது கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படிகிற மெழுகு அது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்ப்பார்கள். இயற்கை மெழுகுகளில் அதுதான் கெட்டி, உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். டப்பாவில் வருவது மட்டும் எண்ணெயும் கரைப்பானும் கலந்து இளக்கியது, அதனால் வெயிலிலும் கழுவலிலும் ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும். சீலன்ட் ஆய்வுக்கூடத்தில் செய்த பாலிமர். சுத்தமான பெயிண்டைப் பற்றிக்கொண்டால் நாலைந்து மாதம் தாங்கும்.

வாக்ஸ் போட்டால் நிறம் ஆழமாகத் தெரியும் என்பது கறுப்புக்கும் அடர்சிவப்புக்கும் சரி. உன் எலுமிச்சை மஞ்சளில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நான் பானெட்டின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பூசி, எது எது என்று சொல்லாமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டும் ஒன்றுதானே என்றாள். அப்புறம் எதற்கு மாதாமாதம் பூச வேண்டும்? அதுவும் நீ ஃப்ளாட்டில் திறந்த வெளியில் நிறுத்துகிறாய். ஜோஹானஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே வெயில் சுள்ளென்று இறங்கும். சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கிற நிறங்கள். எந்தப் பூச்சும் அதை முழுசாகத் தடுத்துவிடாது, நிழல் கிடைத்தால் விடாதே. ஆலங்கட்டி மழைக்கும் பூச்சில் மருந்து இல்லை.

எனக்கு இங்கே வேறு தொல்லை. கரும்பு வெட்டும் காலம் இது. சாயங்காலம் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள், ராத்திரி முழுக்கக் கரி விழும். காலையில் மஞ்சள் பானெட்டின் மேல் கறுப்பு நூல் நூலாகக் கிடக்கும். எடுக்கலாம் என்று விரலை வைத்தால் அப்படியே மையாக இழுபடும். பனியில் நனைந்தால் இன்னும் மோசம், சாம்பல் காரம், பெயிண்டில் கறை பிடிக்கும். காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. கரும்புத் தோகை கையை அறுக்குமே, அந்த மணல்சத்து சாம்பலிலும் இருக்கிறது. துடைத்தால் கோடு விழும். தண்ணீரைப் பாய்ச்சித்தான் இறக்க வேண்டும். சீலன்ட் இருந்தால் ஒரு வாளியில் வழுக்கிக்கொண்டு போகிறது. போன வருஷம் பூசையன்று பானெட்டில் வைத்த குங்குமம், வெளுத்த இடத்தில் ரோஸ் கறையாக ஊறிவிட்டது. இந்த வருஷம் வைத்தது ஈரத் துணியில் வந்துவிட்டது. அதனால் நான் அடியில் சீலன்ட், அந்தப் பழைய பெயிண்டுக்கு மேலே கொஞ்சம் வாக்ஸ் என்று போடுகிறேன். வரிசையை மாற்றிவிடாதே, மெழுகின் மேல் சீலன்ட் ஒட்டாது. நடுவே ஒரு நாளாவது காயவிட வேண்டும்.

இனி உன் வேலை. நல்ல கார் ஷாம்பூவில் கழுவு, பாத்திரம் கழுவும் சோப்பு இருக்கும் பூச்சையும் எடுத்துவிடும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கதவைத் தடவு. புது வண்டியானாலும் நறநறவென்று இருந்தால் க்ளே பாரை, அதுதான் ஒட்டின அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி, நன்றாக ஈரமாக்கித் தேய்த்து எடு. கறுப்புப் பிளாஸ்டிக் பம்பருக்கும் ஓரங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டு, அங்கே படிந்தால் வெள்ளையாக நிற்கும், எளிதில் போகாது. அங்கே இப்போது விடியற்காலை ஐஸ் மாதிரி இருக்குமே, பதினொரு மணிக்கு மேல் நிழலில் ஆரம்பி. சீலன்டை மெலிசாகப் பூசு. காய்ந்த பூச்சு மஞ்சளில் சட்டென்று தெரியாது, இதுதான் நம் நிறத்தில் உள்ள சிக்கல். துடைத்து முடித்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார், விட்டுப்போன திட்டுகள் தெரியும். அக்டோபர் மழைக்கு முன்னால் முடித்துவிடு.

சிராய்ப்பு மஞ்சளில் அதிகம் தெரியாது என்று துணி விஷயத்தில் அலட்சியமாக இருக்காதே. தரையில் விழுந்த துணியைத் திரும்பக் காரில் வைக்காதே.

டிசம்பரில் எல்லாரும் வாருங்கள், மேலறையைக் காலியாக வைத்திருக்கிறேன். வழி முழுக்க முன்பக்கத்தில் பூச்சி அடிக்கும், தாரும் தெறிக்கும். வந்ததும் வீட்டுக்குள் நுழையுமுன் குழாயடியில் நிறுத்து, நான் வாளியோடு நிற்கிறேன். மாமனாரும் உன் மஞ்சளைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

தங்கச்சியைப் பற்றி மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்